வகுப்பறையில் கேட்கும் அந்தலூஸின் குரல்

ஸ்பெயின் நாட்டின் பழம்பெரும் நகரங்களுள் ஒன்று தொலேதோ. நம் வரலாற்று நூல்கள் துலைத்துலா என்று குறிப்பிடும் ஊர் அது. அந்நகரின் கடைவீதியில் பட்டு வணிகர் ஒருவரிடம் பழைய ஏடுகளையும் தாள்களையும் விற்பதற்காக ஒரு சிறுவன் வருகிறான். அவ்வழியே வந்த ஒருவருக்கு, கையில் கிடைத்த எதையும் படித்துப் பார்க்கும் பழக்கம். ஏடு ஒன்றை வாங்கிப் புரட்டுகிறார். அரபு எழுத்து என்று தெரிகிறது, படிக்கத்தான் தெரியவில்லை. ஸ்பானிய மொழியும் அறிந்த மொரிஸ்கோ ஒருவரைத் தேடுகிறார். எளிதில் ஒருவர் கிடைக்கிறார். ஏட்டை நடுவில் திறந்து சற்றே படித்ததும் அந்த மொரிஸ்கோ சிரிக்கத் தொடங்குகிறார்.

ஏன் சிரித்தார்? கதைத் தலைவன் தன் உள்ளத்து அரசியாக வைத்துப் போற்றும் பெண், பன்றி இறைச்சிக்கு உப்பிடுவதில் அந்த வட்டாரத்திலேயே கைதேர்ந்தவள் என்று ஏட்டின் ஓரத்தில் யாரோ குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்! அந்த ஏடு, தோன் கிஹோத்தேயின் வரலாறு. அதாவது, ஆங்கில வழியில் நாம் டான் குயிக்சாட் என்று அறிந்திருக்கும் வீரனின் கதை. எழுதியவர் சீதே ஹமேத்தே பெனென்ஹேலி என்னும் அரபு வரலாற்றாசிரியர். வாங்கியவர் அரை ரெயால் காசுக்கு எல்லா ஏடுகளையும் பெற்றுக்கொண்டு, மொரிஸ்கோவைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து மொழிபெயர்க்கச் செய்கிறார். ஒன்றரை மாதத்திற்குச் சற்று மேற்பட்ட உழைப்பு. கூலி, இரண்டு அரோபா உலர்திராட்சையும் இரண்டு ஃபனேகா கோதுமையும். இரண்டு அரோபா என்பது ஏறத்தாழ 23 கிலோ.

இது வரலாறு அன்று, கற்பனை. மிகேல் தெ செர்வாந்தஸ் 1605ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் முதற்பாகத்தில், 9ஆம் அத்தியாயத்தில் வரும் நிகழ்ச்சி. சீதே ஹமேத்தே என்றொரு ஆசிரியர் உலகில் இருந்ததில்லை. ஆயினும் சிந்தித்துப் பாருங்கள்! ஐரோப்பாவின் முதல் நவீன நாவல் என்று பலரும் போற்றும் ஒரு நூலை, "இது ஓர் அரபு முஸ்லிம் எழுதியது, ஒரு மொரிஸ்கோ மொழிபெயர்த்தது" என்று அதன் ஆசிரியரே விளையாட்டாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த அத்தியாயத்தை இன்று அமெரிக்க நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் பதினாறு, பதினேழு வயது மாணவ மாணவியர் பாடமாகப் படிக்கின்றனர். அந்த வகுப்பறையில் என்ன கற்பிக்கப்படுகிறது, எப்படிக் கற்பிக்கப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதை அறிவது நமக்கும் பயன் தருவதாகும்.

38 படைப்புகள், ஆறு பொருள்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் படிக்கும்போதே கல்லூரித் தரத்திலான பாடத்தைக் கற்றுத் தேர்வு எழுதும் ஏற்பாடு ஒன்று உண்டு. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்று அதற்குப் பெயர். காலேஜ் போர்டு என்னும் அமைப்பு அதனை நடத்துகிறது. அதில் ஸ்பானிய இலக்கியமும் பண்பாடும் ஒரு பாடம். 2012-13 கல்வியாண்டில் அப்பாடம் திருத்தி அமைக்கப்பட்டபோது, கட்டாயம் படிக்க வேண்டிய 38 படைப்புகளின் பட்டியல் வகுக்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டுக் கதையில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் சிலி, கியூபா, கொலம்பியா, மெக்ஸிகோ எழுத்தாளர்கள் வரை அது நீளும். கவிதை, சிறுகதை, நாடகம், கட்டுரை, கடிதம் என எல்லா வகையும் அதில் உண்டு.

வெறும் கால வரிசையில் மனப்பாடம் செய்யும் முறை அன்று இது. ஆறு பொருள்களின் கீழ் படைப்புகள் ஒப்பிட்டுப் படிக்கப்படுகின்றன. சமூகங்கள் ஒன்றையொன்று சந்திப்பது, ஆண் பெண் என்னும் நிலைகளைச் சமூகம் வகுப்பது, காலமும் இடமும், மனித உறவுகள், ஒரே மனிதனுக்குள் இருக்கும் இரு தன்மைகள், இலக்கியம் படைக்கப்படும் விதம் என்பனவே அவை. ஒரு கவிதையை ஓர் ஓவியத்தோடு ஒப்பிட்டு எழுதும் பயிற்சியும் உண்டு.

அப்பாடத்தை எடுப்பவர்களில் பெரும் பகுதியினர், வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானியர் தொகை 6 கோடியே 21 லட்சம். அதாவது, நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். அம்மக்கள் எல்லோரும் நேற்று வந்தவர்களும் அல்லர். ஆங்கிலேயர் 1607இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறுவதற்கு முன்பே, 1565இல் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை ஸ்பானியர் நிறுவிவிட்டனர். 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வாயிலாக மெக்ஸிகோவின் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு மாறியபோது, அங்கு வாழ்ந்த மக்கள் இடம்பெயரவில்லை. எல்லைக் கோடுதான் அவர்களைக் கடந்து சென்றது.

பிரம்படி பெற்ற மொழி

இன்று பாராட்டும் பரிசும் தரும் இதே மொழிக்கு, அதே பள்ளிகளில் ஒரு காலத்தில் தண்டனை தரப்பட்டது. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பள்ளி வளாகத்திற்குள் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளை அடிப்பதும், வகுப்பு முடிந்தபின் நிறுத்தி வைப்பதும் வழக்கமாக இருந்தன. டெக்ஸாஸில் வளர்ந்த எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா, இடைவேளையில் ஸ்பானிய மொழி பேசியதற்காக விரல் மொட்டியில் அடிபட்டதைத் தம் 1987ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்துள்ளார்.

அடியின் வலி ஆறிவிடும். ஆனால், "என் தாய் பேசும் மொழி வெட்கப்படத் தக்கது" என்னும் எண்ணம் பிஞ்சு நெஞ்சில் பதிந்துவிட்டால் அது எளிதில் ஆறுமா? பல குடும்பங்களில், தாம் பெற்ற அடியைத் தம் பிள்ளைகள் பெறலாகாது என்று அஞ்சிய பெற்றோர், அவர்களிடம் ஸ்பானிய மொழியைப் பேசுவதையே விட்டுவிட்டனர். ஒரு தலைமுறையின் அச்சம் அடுத்த தலைமுறையின் ஊமைத்தனமாயிற்று.

1968 மார்ச் மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினர். தங்கள் மொழியையும் வரலாற்றையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் முக்கியமானது. அதே ஆண்டில் இருமொழிக் கல்விச் சட்டமும் நிறைவேறியது. 1969 டிசம்பரில் டெக்ஸாஸின் கிறிஸ்டல் சிட்டி என்னும் சிற்றூரில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். சில வாரங்களில் பள்ளி நிர்வாகம் அவர்களின் கோரிக்கைகளுக்கு இணங்கியது.

அக்கிறிஸ்டல் சிட்டியில்தான் 1935ஆம் ஆண்டு தொமாஸ் ரிவேரா பிறந்தார். பெற்றோர், பருவத்திற்குப் பருவம் ஊர்விட்டு ஊர் சென்று வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். மகனும் அவர்களோடு வேலை செய்துகொண்டே படித்தார். உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானார். பின்னர் 1979இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்திற்குத் தலைவரானார். வயல்வெளிக் கூலிகளின் வாழ்வை ஸ்பானிய மொழியில் அவர் எழுதிய நூல் 1971இல் வெளிவந்தது. அதிலிருந்து இரண்டு கதைகள் மேலே சொன்ன 38 படைப்புகளில் இடம்பெற்றன.

ஒன்றைச் சொல்கிறேன். பண்டிகை வருகிறது. பிள்ளைகள் பரிசு கேட்கின்றனர். கூட்டத்தைக் கண்டாலே நடுங்கும் தாய், துணிந்து தனியே கடைத்தெருவுக்குப் போகிறாள். கூட்டத்தின் நெரிசலில் தலை சுற்றுகிறது. பதற்றத்தில் பணம் செலுத்தாமலே வெளியே வந்துவிடுகிறாள். திருடி என்று பிடிபடுகிறாள். இவ்வளவுதான் கதை. ஆனால், ஆங்கிலம் தெரியாத தன் தாய் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் திகைத்து நிற்பதைக் கண்ட ஒரு மாணவி இக்கதையைப் படிக்கும்போது, அது அவளுக்குப் பாடமாக மட்டும் இருப்பதில்லை. அவள் வீட்டுக் கதை அச்சேறி, பாடநூலாகி, ஆசிரியரின் மேசைமீது மதிப்போடு வைக்கப்பட்டிருக்கிறது. இலக்கியக் கல்வியின் முதல் பயன் இதுவே எனலாம்.

தந்தையின் தோளும் தாயின் தலைநிமிர்வும்

வீட்டில் மொழி பேசும் பிள்ளைக்கு இலக்கியம் எளிதாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. காது பழகிய மொழி வேறு; கண் பழகிய மொழி வேறு. பாட்டியோடு சரளமாகப் பேசும் பிள்ளைகூட எழுத்தில் ஒரு பக்கத்தைக் கண்டால் தயங்கி நிற்கும். ஆகவே தேர்ந்த ஆசிரியர்கள் கடினமான பழைய கவிதையில் தொடங்குவதில்லை. சிறிய, நேரடியான, ஆனால் ஆழமான கதையில் தொடங்குகின்றனர்.

மெக்ஸிகோவின் ஹுவான் ருல்ஃபோ 1953இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு கதை. வயது முதிர்ந்த தந்தை, காயமடைந்த மகனைத் தோளில் சுமந்து, இரவு முழுதும் மருத்துவரைத் தேடி நடக்கிறார். மகன் கொள்ளையன்; கொலைகாரன். மறைந்த மனைவியின் பொருட்டே அவனைச் சுமப்பதாகச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். ஊர் நெருங்கிவிட்டதா என்று அறிய, நாய் குரைப்பது கேட்கிறதா என்று மகனிடம் அடிக்கடி கேட்கிறார். அவன் இல்லை என்கிறான். இறுதியில் அவனை இறக்கி, தம் தலையைப் பற்றியிருந்த விரல்களை விலக்கியபோதுதான், நாய்கள் முன்பே குரைத்துக்கொண்டிருந்தது தந்தைக்குத் தெரிகிறது. அவ்வளவு நேரமும் மகனின் கைகளே அவர் செவியை அடைத்திருந்தன.

"தந்தை செய்தது சரியா?" என்று ஆசிரியர் கேட்டால் போதும். வகுப்பு இரண்டாகப் பிரியும். விடை சொல்ல வேண்டுமானால் கதையை மறுபடி படிக்க வேண்டும். அவர் எப்போது மகனை மரியாதையாக விளிக்கிறார், எப்போது ஒருமையில் விளிக்கிறார் என்று கவனிக்க வேண்டும். ஸ்பானிய மொழியிலும் நம் 'நீ', 'நீங்கள்' போன்ற வேறுபாடு உண்டு. கோபத்தில் அயலாரைப் போல மரியாதையாகப் பேசும் தந்தையை நம் வீடுகளிலும் கண்டிருக்கிறோம் அல்லவா?

கொலம்பியாவின் கபிரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுதிய மற்றொரு கதை. கொளுத்தும் நண்பகலில் ஒரு தாய் தன் சிறுமகளோடு ரயிலேறி வருகிறாள். அவள் மகன் அவ்வூரில் திருடன் என்று சுட்டுக் கொல்லப்பட்டவன். அவன் கல்லறைக்குச் செல்லச் சாவி கேட்கிறாள். ஊர் முழுதும் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறது. அவள் அழவில்லை, தலை குனியவும் இல்லை. ஏழைக்கும் மானம் உண்டு என்பதைப் போதிக்கும் சொற்பொழிவு எதுவும் கதையில் இல்லை. அவள் நடையே அதைச் சொல்கிறது.

ஆசிரியர் ஒருவர் சரியான நூலைச் சரியான வயதில் கொடுப்பதன் பயன் எத்தகையது என்பதற்கு ஸ்பானிய இலக்கிய உலகே சான்று தருகிறது. 1920ஆம் ஆண்டு சிலி நாட்டின் தெமூக்கோ என்னும் ஊருக்குப் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக வந்தார் கபிரியேலா மிஸ்திரால். அவ்வூரில் கவிதை எழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்கு ரஷ்ய நாவல்களைப் படிக்கக் கொடுத்தார். அவ்வம்மையார் 1945இல் நோபல் பரிசு பெற்றார். அந்த இளைஞர் பாப்லோ நெரூதா என்ற பெயரில் 1971இல் அதே பரிசைப் பெற்றார்.

பாடத்தில் வரும் 'மோரோ'

இனி நம் உள்ளத்தை நெருங்கிய செய்திக்கு வருவோம். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் முஸ்லிம்கள் வாழ்ந்தும் ஆண்டும் வந்த நாடு ஸ்பெயின். 1492 ஜனவரி 2 அன்று கர்நாத்தா எனப்பட்ட கிரனடா வீழ்ந்தது. ஸ்பானிய இலக்கியத்தைக் கற்பிப்பவர் முஸ்லிம்களைத் தொடாமல் கற்பிக்க இயலாது. எவ்வாறு தொடுகிறார் என்பதே கேள்வி.

38 படைப்புகளின் பட்டியல், தோன் ஹுவான் மானுவேல் 1335இல் முடித்த 'கோந்தே லூக்கானோர்' நூலின் 35ஆம் கதையோடு தொடங்குகிறது. பிரபு ஒருவர் ஐயம் கேட்க, அமைச்சர் பத்ரோனியோ கதை சொல்லித் தெளிவிப்பார். கதைக்குள் கதை வைத்து அறிவு புகட்டும் இம்முறை நமக்குப் புதிதன்று. இந்தியாவின் பஞ்சதந்திரம் பாரசீகம் சென்று, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவர்களால் அரபியில் 'கலீலா வ திம்னா' ஆயிற்று. அரபியிலிருந்து 1251இல் காஸ்தீலிய மொழிக்குச் சென்றது. நம் பாட்டி சொன்ன நரிக்கதையும் ஸ்பெயின் நாட்டுப் பிரபுவின் கதையும் ஒரே ஊற்றில் நீர் குடித்தவை.

ஆனால் அந்த 35ஆம் கதை சற்று வில்லங்கமானது. ஏழை இளைஞன் ஒருவன், முரட்டுக் குணமுள்ள செல்வர் வீட்டுப் பெண்ணை மணக்கிறான். முதலிரவில் கைக்குத் தண்ணீர் ஊற்றும்படி நாயிடமும் பூனையிடமும் குதிரையிடமும் ஆணையிடுகிறான். அவை கேளாதபோது ஒவ்வொன்றாக வெட்டி வீழ்த்துகிறான். அதைக் கண்ட மணமகள் அஞ்சி அடங்குகிறாள். கதை மாந்தர் அனைவரும் 'மோரோ', அதாவது முஸ்லிம்கள்! எதுவும் அறியாத பதினாறு வயது மாணவன் இதைப் படித்தால் என்ன எண்ணுவான்? "முஸ்லிம்கள் தம் மனைவியரை இப்படித்தான் நடத்துவார்களாம்" என்றே எண்ணுவான். அதே வகுப்பில் ஒரு முஸ்லிம் மாணவி அமர்ந்திருந்தால் அவள் முகம் என்னாகும்?

இக்கதையை நீக்கிவிடுவதா? தேவையில்லை. கற்பிக்கும் முறையே மருந்து. நல்லாசிரியர் இங்கே மூன்று கேள்விகளைக் கேட்பார். எழுதியவர் யார்? முஸ்லிம்களோடு போரும் உறவும் கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவப் பிரபு. கதை முஸ்லிம்களுக்கே உரியதா? இல்லை, அடங்காத பெண்ணை அடக்கும் கதை ஐரோப்பா முழுதும் வழங்கியது, ஷேக்ஸ்பியரும் அதே பொருளில் நாடகம் எழுதினார். அப்படியானால், ஆசிரியர் அதை ஏன் மோரோக்களின் ஊரில் நடந்ததாக எழுதினார்? இந்த மூன்றாவது கேள்விதான் கல்வி. தவறென்று தோன்றுவதை அயலார் வீட்டில் நடந்ததாகச் சொல்லும் பழக்கம் எல்லாச் சமூகத்திற்கும் உண்டு என்பதை மாணவன் அங்கே கற்கிறான். மனைவியிடம் நற்குணம் காட்டுபவரே மனிதரில் சிறந்தவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை அறிந்த மாணவி அவ்வகுப்பில் இருந்தால், அவள் எழுந்து பேசவும் அங்கே இடம் கிடைக்கும்.

பட்டியலில் உள்ள மற்றொரு படைப்பு, 1482இல் அல்ஹாமா என்னும் ஊர் வீழ்ந்ததைப் பாடும் பழைய கதைப்பாடல். கிரனடாவின் மன்னர் செய்தி கேட்டுக் கடிதங்களைத் தீயில் எறிவதும், தூது வந்தவனைக் கொல்வதும், நரைத்த தாடியுடைய ஒரு மார்க்க அறிஞர் எழுந்து, இது உமது அநீதியின் விளைவு என்று அரசவையிலேயே இடித்துரைப்பதும் அதில் வருகின்றன. அவ்வறிஞரைப் பாடல் 'அல்ஃபக்கீ' என்று அழைக்கிறது. நம் 'ஃபகீஹ்' என்னும் சொல்லே அது. வென்றவர்களின் மொழியில், தோற்றவர்களின் துயரம் பாடப்பட்டிருக்கும் விந்தையை மாணவர்கள் காண்கின்றனர்.

சொற்களின் வழியே செல்லும் பாதையும் உண்டு. ஸ்பானிய மொழியில் எண்ணெய் 'அஸெய்த்தே', அரபியின் 'அஸ்ஸைத்'. சர்க்கரை 'அஸூகார்', 'அஸ்ஸுக்கர்'. நகரத் தலைவர் 'அல்கால்தே'. அது 'அல்காழி'யின் மருவுருவம். நல்லது நடக்க வேண்டும் என்று விரும்பும்போது ஸ்பானியர் ஒவ்வொருவரும் 'ஓஹலா' என்கின்றனர். அல்லாஹ் நாடினால் என்னும் பொருளுடைய அந்தலூஸ் அரபுத் தொடரின் எச்சமே அச்சொல். பொருள் அறியாமலே கோடானுகோடி நாவுகள் நாள்தோறும் அதை மொழிகின்றன!

பட்டியலில் இல்லாத ஏடு

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மெக்ஸிகோவின் அஸ்தெக் மக்கள் வீழ்ந்த வரலாற்றை, அம்மக்களின் வாய்மொழியாகவே கூறும் பகுதிகள் அந்த 38 படைப்புகளில் இடம்பெற்றன. வென்ற தளபதி கொர்த்தேஸின் கடிதத்தோடு அவற்றை ஒப்பிட்டுப் படிக்கின்றனர். பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் அந்தலூஸ் முஸ்லிம்கள் பாத்திரங்களாக வருகின்றனரே தவிர, அவர்கள் தம் கையால் எழுதிய படைப்பு ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை.

அப்படி ஒன்றும் இல்லாமலா போயிற்று? 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரனடாவின் சதுக்கத்தில் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. 1502இல் காஸ்தீலிலும் 1526இல் அரகோனிலும் முஸ்லிம்கள் மதம் மாறவோ வெளியேறவோ கட்டாயப்படுத்தப்பட்டனர். இவ்வாறு வெளித்தோற்றத்தில் கிறிஸ்தவர்களாக்கப்பட்டவர்களே மொரிஸ்கோக்கள். 1567இல் கிரனடாவில் அரபு மொழி பேசுவதற்கே அரசாணை தடை விதித்தது. பல பகுதிகளில் மக்கள் அரபு மொழியை மறந்துவிட்டிருந்தனர். ஆனால் அரபு எழுத்தைக் கைவிடவில்லை. ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். 'அஜமிய்யா' என்னும் அரபுச் சொல்லின் வழியாக அவ்வெழுத்து முறைக்குப் பெயர் வந்தது. நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாடும் நெடுங்கவிதை ஒன்று அவ்வெழுத்தில் கிடைத்துள்ளது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர். சென்றவர்கள் தம் ஏடுகளைச் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைத்து வைத்துச் சென்றனர். 1884ஆம் ஆண்டு சரகோசா மாகாணத்தின் அல்மொனாஸித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியிலிருந்து ஏராளமான ஏடுகள் வெளிப்பட்டன. அருமை அறியாதவர் கையில் சில அழிந்தன, எஞ்சியவை காப்பாற்றப்பட்டன.

இதைப் படிக்கையில் நம் நினைவு எங்கே செல்கிறது? தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரிடம் அல்லவா? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் 'மகானி'யை நம் பாட்டிமார் அரபுத்தமிழில் ஓதியறிந்தனர். மொரிஸ்கோக்களை விரட்டிய அச்சம் நம் முன்னோருக்கு இருக்கவில்லை. அன்பினாலும் வசதியினாலும் அவ்வெழுத்தைக் கொண்டனர். ஆயினும் இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அக்கிதாபைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? எவரும் தடை செய்யாமலே நாம் மறந்துகொண்டிருக்கிறோம்.

ஸ்பெயின் நாட்டுப் பள்ளிகளின் நிலை சற்று மாறியிருக்கிறது. 1948இல் சாமுவேல் ஸ்டெர்ன் என்னும் ஆய்வாளர், முவஷ்ஷஹ் பாடல்களின் ஈற்றில் வரும் 'கர்ஜா' என்னும் அடிகளுள் சில பழைய ஸ்பானியப் பேச்சுமொழியில் அமைந்தவை என்று எடுத்துக்காட்டினார். அதன்பின் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிப் பாடநூல்கள் தம் நாட்டுப் பாடல் மரபை அந்தக் கர்ஜாக்களிலிருந்தே தொடங்கலாயின. அறிஞர் ஒருவரின் கட்டுரை, மாணவர் படிக்கும் இலக்கிய வரலாற்றின் முதற்பக்கத்தையே மாற்றிவிட்டது.

அட்டைப் பெட்டிக்குள் போன புத்தகங்கள்

வகுப்பறையில் எந்த இலக்கியம் நுழையலாம் என்பது ஆசிரியரின் விருப்பம் மட்டுமன்று, அரசியலும் ஆகும். அரிசோனா மாநிலத்தின் தூசான் நகரப் பள்ளிகளில் மெக்ஸிக அமெரிக்கரின் வரலாறும் இலக்கியமும் தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்பட்டு வந்தன. 2010 மே மாதத்தில் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. ஓர் இனத்தாருக்கென்றே அமைந்த பாடங்களும், இனப்பகை வளர்க்கும் பாடங்களும் கூடாது என்றது அச்சட்டம். நிதி நிறுத்தப்படும் என்ற நெருக்கடியில் 2012 ஜனவரியில் பாடங்கள் நிறுத்தப்பட்டன. ஏழு நூல்கள் வகுப்பறைகளிலிருந்து அகற்றப்பட்டுப் பெட்டிகளில் வைக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சில் எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் ஹூஸ்டனிலிருந்து பேருந்தில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தூசான் சென்றனர். மாணவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2017 ஆகஸ்டில், இனக் காழ்ப்பே அந்நடவடிக்கைக்குக் காரணம் என்றும், அது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்றும் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார்.

வழக்கில் வெற்றிதான். ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளில் பள்ளியை முடித்துச் சென்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் திரும்பவும் கிடைக்குமா? கல்வியில் தாமதமாக வரும் நீதி, அறுவடைக்குப் பின் பெய்யும் மழையே.

ரிக்கோத்தேயின் கண்ணீர்

செர்வாந்தஸ் 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தவர். முஸ்லிம்களை நெருங்கிக் கண்டவர். அவர் நூலின் இரண்டாம் பாகம் 1615இல் வெளிவந்தது. மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்ட கொடுமை இரு பாகங்களுக்கும் இடையில் நிகழ்ந்தது. அதன் 54ஆம் அத்தியாயத்தில் சாஞ்சோ தன் பழைய அண்டை வீட்டுக்காரரைச் சந்திக்கிறான். அவர் ரிக்கோத்தே என்னும் மொரிஸ்கோ கடைக்காரர். நாடு கடத்தப்பட்டவர், யாத்திரிகர் வேடத்தில் திரும்பி வந்திருக்கிறார். இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். பிறந்த மண்ணை எண்ணித் தம் மக்கள் எங்கிருந்தாலும் அழுவதாக ரிக்கோத்தே சொல்கிறார். அதே வாயால் மன்னனின் ஆணை நியாயமானது என்றும் சொல்கிறார்! இது செர்வாந்தஸின் உண்மையான கருத்தா, தணிக்கைக்கு அஞ்சிய சொல்லா? அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். சாஞ்சோ அவருக்கு உதவ மறுக்கிறான். ஆனால் காட்டிக்கொடுக்கவும் மறுக்கிறான்.

இவ்வத்தியாயம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் 9ஆம் அத்தியாயத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், இதையும் சேர்த்துப் படிக்கச் சொன்னால், தொலேதோ கடைவீதியில் சிரித்த அந்த மொரிஸ்கோ பத்தாண்டுகளில் என்ன ஆனார் என்று மாணவர்களே கேட்பார்கள். அக்கேள்வி எழுந்துவிட்டால் பாடம் வெற்றி பெற்றுவிட்டது.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் பாடநூலில் எதைப் படிக்கிறார்கள் என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? மதிப்பெண்ணைக் கேட்கிறோம், கதையைக் கேட்பதில்லை. இன்று இரவு உணவுக்குப் பின், "உன் பாடத்தில் உள்ள ஒரு கதையைச் சொல்" என்று கேளுங்கள். அதில் நம்மைப் போன்றவர்கள் எவரேனும் வருகிறார்களா, வந்தால் எப்படி வருகிறார்கள் என்று உடனிருந்து பேசுங்கள். பின்னர் அலமாரியில் தூசு படிந்த அந்தப் பழைய கிதாபை எடுத்து, பாட்டியிடம் கொடுத்து, ஒரு பக்கம் படிக்கச் சொல்லிப் பிள்ளையைக் கேட்கச் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும். மறுநாள் அடுத்த பக்கத்தைப் பிள்ளையே கேட்கும், இன்ஷா அல்லாஹ்.